கண்ணுக்குள் வைக்கும் வில்லையும் கண்ணுக்குத் தெரியாத கிருமியும்



கற்றரக்ட் சத்திரசிகிச்சை செய்தவர் ஒருவராவது இல்லாத குடும்பம் எமது ஊரில் குறைவு. "சின்ன ஒப்பரேஷன்தானே, எதற்கு இத்தனை கட்டுப்பாடு?" என்று பலர் கேட்கிறார்கள். அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1949 நவம்பர் 29 இல் இலண்டன் சென்ட் தோமஸ் வைத்தியசாலையில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர், செயற்கை வில்லை வைக்கும் முயற்சியை ஆரம்பித்தார். யுத்த விமானிகளின் கண்களில் பாய்ந்த பேர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணைப் பெரிதாக உறுத்தாமல் கிடந்ததைக் கண்டே அந்த வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்வித்தார்.

சிக்கல் கிருமி நீக்கத்தில் வந்தது. கத்தி, கத்தரிக்கோலைப் போல இந்த வில்லையை நீராவியில் அவிக்க முடியாது, உருக்குலைந்துவிடும். எனவே செட்ரிமைட் என்ற கிருமிகொல்லித் திரவத்தைப் பயன்படுத்தினார்கள். அதன் எச்சம் வில்லையில் தங்கிக் கண்ணில் அழற்சியை உண்டாக்கியது.

1957 இல் பிரெடரிக் ரிட்லி என்ற இன்னொருவர், வில்லையைக் கோஸ்டிக் சோடாக் கரைசலில் வைத்து, பயன்படுத்தும்போது அந்தக் காரத்தை நடுநிலையாக்கும் முறையைக் கொண்டு வந்தார். அது பல வருடங்கள் கைகொடுத்தது. ஆனால் 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் அந்த நடுநிலையாக்கும் கரைசலிலேயே பங்கசு கலந்து நோயாளிகளின் கண்களைத் தாக்கியது. சுத்தம் செய்யும் திரவமே அசுத்தமாகிவிட்டது! பின்னர் எதிலீன் ஒட்சைட்டு வாயுவால் கிருமி நீக்கி, உலர்ந்த பொதியில் முத்திரையிட்டு அனுப்பும் முறை பரவலானது.

வில்லை சுத்தமானாலும் போதாது. தொற்றை உண்டாக்கும் பற்றீரியாக்கள் பெரும்பாலும் நோயாளியின் சொந்த இமையிலும் கண்ணின் மேற்பரப்பிலும்தான் இருக்கின்றன. வில்லை அங்கே பட்டால் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். அதனால்தான் முதலில் போவிடோன் அயடின் விடுகிறார்கள்; மடித்த வில்லையைச் சிறு குழாய் வழியாகச் செலுத்துகிறார்கள். ஐரோப்பாவில் 16,000 க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் செய்து 2007 இல் வெளியான ஆய்வு, சத்திரசிகிச்சை முடிவில் கண்ணுக்குள் செபுரொக்சிம் மருந்தைச் செலுத்தினால் தொற்று ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைவதைக் காட்டியது.

இத்தனை பேரின் உழைப்பைக் கழுவாத ஒரு கை வீணாக்கிவிடலாம். ஆகவே உம்மா, வாப்பாவுக்கு ட்ரொப்ஸ் விடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். போத்தல் நுனி இமையில் படக்கூடாது. ஒருவரின் ட்ரொப்ஸை இன்னொருவருக்கு விடாதீர்கள். முகம் கழுவுவது, வுழூ செய்வது பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கண் சிவந்து வலித்தால், பார்வை மங்கினால், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.

வீட்டில் வயதானவர்கள் இருப்போருக்கு இதைப் பகிருங்கள்.