பிரான்சுவா மன்னரும் பேரனின் ஆட்டமும்

பேரன் கணினியில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தான். 1989-ல் நின்டெண்டோ விற்ற ‘கேம் பாய்’ கருவிக்கு வந்த ஆட்டமாம். “கருவி எங்கேடா?” என்றேன். “வேண்டாம் தாத்தா, கம்ப்யூட்டரே அது மாதிரி நடிக்கும். இதுக்கு எமுலேட்டர்னு பேரு.”

பிரெஞ்சு வழியில் படித்தவன் அல்லவா, எனக்கு 1537 ஞாபகம் வந்தது. அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அரச நூலகத்துக்கு வர வேண்டும் என்று முதலாம் பிரான்சுவா மன்னர் ஆணையிட்ட வருஷம். 1992-ல் ஒரு சட்டம் அந்தக் கடமையைக் கணினி மென்பொருளுக்கும் நீட்டியது. அதனால் பாரிஸ் தேசிய நூலகத்தில் வீடியோ கேம்களும் சேர்கின்றன.

புத்தகத்துக்குக் கண் போதும். கேமுக்குக் கருவி வேண்டும். பழைய கருவிகளையும் நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பழுதானால் உதிரி பாகத்துக்கு எங்கே போவது? எமுலேட்டர்தான் கதி. (ஆபீஸில் நான் ஃபிளாப்பியில் ஏற்றிய சம்பளப் பட்டியல்களை இன்று படிக்க ஒரு மெஷினும் இல்லை!)

இப்போதைய கேம்கள் பல, கம்பெனி சர்வரோடு பேசினால்தான் ஓடுகின்றன. சர்வரையே நிறுத்திவிட்டால் எமுலேட்டர் என்ன செய்யும்? பேரனைக் கேட்டேன். ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமலே உதட்டைப் பிதுக்கினான்.