ஆடவல்லான் மரக்கால்

நம் காலனியில் பல இல்லங்களின் பரண்மேல் ஒரு பித்தளைப் படி உறங்குகின்றது. ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் பாட்டியோ அத்தையோ கட்டிக் கொடுத்தது அது. திருமணத்தில் நிறைநாழி வைக்கவும், பொங்கலன்று முதலரிசி அளக்கவுமே கீழிறங்கி வருகின்றது. “கிலோ இருக்க இஃது எதற்கு?” என்று பிள்ளைகள் வினவும்போது, “சம்பிரதாயம்” என்று கூறித் தப்பித்துக் கொள்கின்றோம். அந்தப் படிக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை இம்மலரில் ஒருவாறு எடுத்துரைக்க விழைகின்றோம்.

வாணிகத்தில் பொய் நுழையும் வாயில்கள் பல. அவற்றுள் முதலாவது அளவு. விலையைக் கூட்டினால் வாங்குவோன் உடனே அறிவான். மரக்காலின் அடித்தட்டைச் சற்றே உயர்த்தி வைத்தால் எளிதில் அறியான். நெல் வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என இரண்டு வைத்திருந்த பண்ணைகளைப் பற்றி நம் முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைக்காமலும் இருந்தனர் என்று பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகின்றது. அத்தகைய நேர்மை ஒருவருடைய மனத்தளவில் நில்லாமல், ஊரார் கண்ணால் காணும் பொருளாக எவ்வாறு ஆயிற்று என்பதே நம் வினா.

இதற்கு விடை தஞ்சைப் பெரிய கோயிலில் இருக்கின்றது. முதலாம் இராசராசன் 1010-இல் கட்டி முடித்த அக்கோயிலின் கல்வெட்டுகளை வெறும் தானப் பட்டியல் என்று எண்ணி நாம் கடந்து போய்விடுகின்றோம். சற்று நின்று படித்தால் ஒரு கண்டிப்பான கணக்கனின் குரல் அவற்றில் கேட்கும். இறைவனுக்கு அளித்த பொன் நிறுக்கப்பட்ட கல்லின் பெயர் ஆடவல்லான். மணியிழைத்த நகைகள் நிறுக்கப்பட்ட கல்லின் பெயர் தட்சிணமேருவிடங்கன். இரண்டும் அக்கோயிலில் எழுந்தருளிய இறைவனின் திருப்பெயர்களே. நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்பதே பெயர். அஃது இராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்பதையும் கல்லில் பொறித்து வைத்தனர்.

இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி. குன்றிமணி அளவுவரை எடை குறித்ததோடு அவர்கள் நின்றுவிடவில்லை. நகையில் கோத்த சரடும், சட்டமும், செப்பாணியும் நீக்கி நிறுத்த எடை இது, உள்ளே வைத்த அரக்கும் சேர்ந்த எடை இது என்று பிரித்தெழுதினர். கொடுத்தவன் மாமன்னன், பெற்றவன் கடவுள். அவ்விருவரிடையே கூட அரக்கைப் பொன் என்று எழுத அவர்களுக்கு மனம் வரவில்லை! தெய்வத்தின் பெயர் தாங்கிய கல்லால் நிறுக்கும்போது கை தாழ்வது களவு மட்டுமன்று, பாவமும் ஆகும் என்ற அச்சம் தராசின் அருகிலேயே இருந்தது.

அக்கோயில் கடன் கொடுக்கும் நிலையமாகவும் விளங்கிற்று. ஊர்ச்சபைகளிடம் காசு வைத்து, காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், வட்டி பெற்றது. கொடுத்த முதல் எவ்வளவு, வர வேண்டுவது எவ்வளவு என்பவை சுவரில் பொறிக்கப்பட்டிருந்தமையால், கடன்பட்ட ஊரார் வந்து பார்த்துக் கொள்ளலாம். நெல்லாக வந்ததை அளப்பதும் அதே ஆடவல்லான் மரக்காலே. கடன் கொடுத்தவன் தன் அளவையைத் தானே பறைசாற்றி, அதற்குத் தானும் கட்டுப்பட்டான் என்பது இங்கு நோக்கத்தக்கது.

இதனை எல்லாம் கூறுமிடத்து ஒன்றை மறைத்தல் அறமாகாது. பிற்காலத்தில், உழுது விளைவித்தவருள் எத்தனையோ பேர், தம் நெல் கோயிற் களஞ்சியத்தை அடைந்தும் தாம் கோயிலை அடைய இயலாதவராய் வாசலுக்கு வெளியே நின்றனர். 1939-இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் ஆலயப் பிரவேசம் நிகழ்ந்த பின்னரே அக்கதவு சிறிது சிறிதாகத் திறக்கலாயிற்று. அளவையை நேராக்கிய நம்பிக்கை, அளந்து கொடுத்த மனிதனை நேராகப் பார்க்கத் தவறியது.

கல்லுக்குத் தெய்வத்தின் பெயரிட்டால் போதும் என்று நம் முன்னோர் எண்ணியதாகவும் தெரியவில்லை. உத்தரமேரூரில் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், ஊராட்சிப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு வரலாகாது என்று தடுக்கின்றன. பக்தி ஒரு கண். கணக்கு மற்றொரு கண்.

வெளியூர் சென்று வாணிகம் செய்தவர்க்கு இவ்விரண்டும் இன்னும் இன்றியமையாதனவாயின. ஐயாவோளைத் தலைமையிடமாகக் கொண்டு, தம்மைப் பரமேசுவரியின் மக்கள் என்று கூறிக்கொண்ட ஐந்நூற்றுவர், மொழி வேறான நாடுகளிலும் கடை விரித்தனர். சுமாத்திராவின் பரூசில் 1088-இல் அவர்கள் நாட்டிய தமிழ்க் கல்வெட்டு இருக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்மலையில் வணிகர் கூடி, இன்ன சரக்குக்கு இவ்வளவு என்று தமக்குத் தாமே விதித்துக் கொண்ட மகமை, கோயிலுக்குச் சேர்ந்தது. மிளகும் பாக்கும் இரும்பும் பருத்தியும் அப்பட்டியலில் உள்ளன. அரசன் வாங்கிய வரியன்று. கல்லாவில் ஒரு பங்கு தமதன்று என்று அவர்களே ஒதுக்கியது. அம்மகமைப் பழக்கமே விருதுநகர் நாடார் வணிகரிடம் பள்ளிக்கூடமாக மலர்ந்தது; 1889-இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை அவ்வாறு எழுந்ததே. அயலூரில் சங்கம் கூட்டி, மாதச் சந்தா எழுதி, விழாக் கணக்கை உறுப்பினர்முன் வாசிக்கும் நமக்கு இச்செய்தி அந்நியமன்று.

நிலமளந்த கோலுக்கும் உலகளந்த கோல் என்ற பெயர் உண்டு. மூவடியால் உலகளந்த பெருமானை நினையாமல் அப்பெயரைச் செவிமடுப்பது கடினம். கோலின் நீளத்தைக் கோயிற் சுவர்களில் கோடாகப் பொறித்து வைத்த ஊர்கள் பல. ஐயம் தோன்றியவன் தன் கோலைக் கொணர்ந்து வைத்துப் பார்க்கலாம்.

1956-இல் புதிய நிறை அளவைச் சட்டம் பிறந்து, 1958 அக்டோபர் முதல் கிலோவின் ஆட்சி படிப்படியாகப் பரவிற்று. மரக்காலில் தெய்வத்தின் பெயர் இருந்த இடத்தில் இன்று அரசாங்க முத்திரை இருக்கின்றது. அஃது ஏற்றதே, பல சமயத்தாரும் கூடி வாழும் நாட்டுக்கு அதுவே பொருந்தும். ஆயினும், நெல் அளப்போர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்னாது ‘லாபம்’ என்று எண்ணத் தொடங்கும் வழக்கம் நம் சிற்றூர்களில் முற்றும் மறையவில்லை. ஆயுத பூசையன்று நம்மூர்க் கடைகளில் மின்தராசுக்கும் சந்தனப் பொட்டு இடுகின்றனர்.