சோறும் மூச்சும்

எங்கள் எப்போதும்வென்றானுக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில் 1956ஆம் ஆண்டு காமராசர் பள்ளி மதிய உணவைத் தொடங்கிவைத்தார். ஊரார் கொடையும் அரசின் மானியமும் அதனை வளர்த்தன. அதே ஆண்டில், அமெரிக்காவில் ஆஸ்துமாவால் அல்லலுற்ற ஒரு சிறுமியின் கேள்வியால் பிறந்த, உள்ளிழுக்கும் மருந்துக் குப்பி விற்பனைக்கு வந்தது.

சோறு நான் பணியாற்றிய பள்ளிக்கு வந்தது, அம்மருந்து வரவில்லை. கரிசற்புழுதி பறக்கும் நாள்களில் கடைசிப் பலகையில் ஒரு சிறுவன் இழுப்பால் தவிப்பான். ‘வீட்டிற்குப் போய்ப் படு’ என்பதே நானறிந்த சிகிச்சை.

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் தேடிக் கண்டறியும் குறைபாடுகளுள் இந்நோயும் ஒன்று. செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்கின்றன. ஆயினும் மருத்துவக் குழு பள்ளிக்கு ஆண்டுக்கொருமுறை வரும். இழுப்போ எந்நேரமும் வரும். அன்று சோற்றுக்குக் கூடிய ஊர், மூச்சுக்கும் கூடவேண்டும். நோயுற்ற தோழனின் மருந்து எங்கே இருக்கிறதென்று நீங்கள் அறிந்திருப்பதே அதன் தொடக்கம்.