மூன்ஸ்டோன்ஸ் முதல் சுப்பர் சைம்ஸ் வரை: இரத்தினபுரியில் பிறந்த ஒரு பொப்பிசைக் குழுவின் பிரிவும் கூடலும்

கஹவத்தையிலிருந்து பெல்மதுளை வழியாக இரத்தினபுரிக்குப் போகும் பாதையின் இருபுறமும் தேயிலையும் இறப்பரும் இடையிடையே மாணிக்கக் குழிகளுமாகக் கிடக்கின்றன. இந்தப் பாதையில் ஓடும் பஸ்களில் பழைய சிங்களப் பொப் பாட்டு கேட்காத நாள் குறைவு. லயத்துப் பிள்ளைகள் பொருள் தெரியுமுன்பே மெட்டைப் பிடித்துக்கொண்ட பாட்டுகள் அவை. அவற்றில் பலவற்றுக்கு மூலவரான கிளரன்ஸ் விஜேவர்தன, 1943 ஆகஸ்ட் 3ஆம் திகதி ஹப்புத்தளையில் பிறந்த மலைநாட்டுக்காரர். இரத்தினபுரிப் பக்கத்தில் தோட்ட வேலை பார்த்த காலத்தில்தான் அவருக்கு அனஸ்லி மாலேவன என்ற இளம் பாடகரின் நட்புக் கிடைத்தது. 1960களின் நடுப்பகுதியில் அந்த நட்பிலிருந்து எழுந்த குழு ‘த மூன்ஸ்டோன்ஸ்’. சந்திரகாந்தக் கல் பெருமளவு கிடைப்பது தெற்கே மீட்டியாகொடையில் என்றாலும், மாணிக்க ஊரில் தோன்றிய குழுவுக்கு ஒரு கல்லின் பெயர் இயல்பாகவே பொருந்திவிட்டது.

இக்குழு செய்த மாற்றத்தை அளக்க, அதற்கு முந்தைய நிலையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். 1952இல் லக்னோவிலிருந்து எஸ். என். ரதன்ஜங்கர் அழைக்கப்பட்டு, இலங்கை வானொலிக் கலைஞர்களின் தரத்தைச் சோதித்தார். அதன்பின் வட இந்திய இராக மரபே சிங்கள மெல்லிசையின் உரைகல்லாயிற்று. சித்தாரும் தபேலாவும் புல்லாங்குழலும் உள்ளே இருந்தன. கிற்றாருக்கு இடம் விருந்து வீடுகளில்தான். நெவில் பெர்னாண்டோவின் லொஸ் கபலரோஸ், நோயல் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ் முதலிய குழுக்கள் கரீபியக் கலிப்சோ பாணியைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்து அந்தக் கதவை ஓரளவு தள்ளித் திறந்தன. அவர்களுடையது மரக் கிற்றாரின் மென்மையான ஒலி. மூன்ஸ்டோன்ஸ் கையில் எடுத்ததோ மின்கிற்றார்.

கருவி மாறியதும் பாட்டின் உடலமைப்பே மாறியது. முன்னிசையில் கிற்றார் ஒரு சிறு மெட்டை வாசிக்கும். கேட்டதும் இன்ன பாட்டு என்று சொல்லிவிடலாம். பல்லவி சுருக்கமாக வரும், குரல்கள் அடுக்காகச் சேரும், மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பீற்றில்ஸ் உலகெங்கும் பரப்பிய முறை இது. 1967இல் இங்கிலாந்தின் ‘த ஹூ’ குழுவைச் சேர்ந்த பீற் டவுன்ஷெண்ட் தங்கள் இசையைக் குறிக்கப் ‘பவர் பொப்’ என்ற சொல்லை வழங்கினார். அந்தப் பெயரை மூன்ஸ்டோன்ஸ் சூடிக்கொள்ளவில்லை. ஆயினும் இறுக்கமான மெட்டு, முன்னுக்கு நிற்கும் கிற்றார், கூட்டுக்குரல் என்ற மூன்றையும் வைத்துப் பார்த்தால் உறவு தெளிவாகவே தெரிகிறது.

இரவல் அவ்வளவோடு நின்றது. குழுவுக்குப் பெரும் புகழ் தந்த தொடக்ககாலப் பாட்டின் பெயர் ‘மேங்கோ களு நந்தே’. நந்தா என்றால் நம் வழக்கில் மாமி, அத்தை. அதே 1960களின் இறுதியில் தமிழ்ப் பொப்பிசையைத் தொடக்கிவைத்த நித்தி கனகரத்தினத்தின் புகழ்பெற்ற பாட்டு ‘சின்ன மாமியே’. இரு மொழிகளில், ஒன்றையொன்று சாராமல் எழுந்த இரண்டு புதிய இசைகளும் ஒரு மாமியைக் கூப்பிட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தன. இதை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. அந்நிய வாத்தியத்தோடு வருபவன் முதலில் உறவுமுறை சொல்லித்தான் திண்ணையில் உட்கார முடியும். ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ பிற்பாடு இரு மொழிகளையும் ஒரே பாட்டில் கலந்து கடல் கடந்தது. அது தனி ஆய்வுக்குரிய பொருள்.

இரத்தினபுரிப் பையன்களை நாடறியச் செய்தது வானொலி. இலங்கை வானொலி 1967 ஜனவரியில் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறிய காலம் அது. அறிவிப்பாளர் விஜய கொரயாவும் ஸ்ரீ சங்கபோ கொரயாவும் ‘சரவிட’ நிகழ்ச்சியின் வழியே இக்குழுவை முன்னிறுத்தினர். இந்திராணி பெரேராவின் குரலும் சேர்ந்தபோது ஒலி நிறைவு பெற்றது. ஜெரால்ட் விக்கிரமசூரியவின் ‘சூரிய’ இசைத்தட்டு நிறுவனம் உள்ளூர்க் குழுக்களின் பாட்டுகளைப் பதிவுசெய்ய முன்வந்ததும் இதே காலத்தில்தான்.

புகழின் உச்சியில், 1970 அளவில், கிளரன்ஸ் விலகினார். அவர் அமைத்த புதிய குழு ‘த கோல்டன் சைம்ஸ்’. காலமும் சாதகமாக இல்லை. 1970இல் வந்த அரசின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் எளிதில் கிடைக்கவில்லை. மின்கருவியை நம்பியிருந்த குழுக்களுக்கு இது சின்னத் தொல்லை அன்று. 1971 ஏப்ரல் கிளர்ச்சியும் அதைத் தொடர்ந்த ஊரடங்கும் சப்பிரகமுவவை உலுக்கின. இரவில் கூட்டம் கூட முடியாத நாட்டில் மேடைக் குழு எப்படிப் பிழைக்கும்?

1973 அளவில் கிளரன்ஸும் அனஸ்லியும் மீண்டும் சேர்ந்தார்கள். பழைய பெயருக்குத் திரும்பவில்லை. ‘சுப்பர் கோல்டன் சைம்ஸ்’ என்று வைத்துக்கொண்டார்கள். என் ஆய்வில் என்னை அதிகம் நிறுத்திவைத்த இடம் இதுதான். திரும்பி வந்த தம்பி தன் மூத்தவன் கட்டிய வீட்டிலேயே குடியேறியதுபோல, கிளரன்ஸின் குழுப்பெயருக்குள் அனஸ்லி வந்து சேர்ந்தார். கிளரன்ஸ் பாடகர் மட்டுமல்லர், மெட்டுக் கட்டுபவர். பிரிந்திருந்தபோதும் அவர் கையில் பாட்டு இருந்தது. ஆனால் அந்த மெட்டுகளுக்கு மக்கள் மனத்தில் பதிந்திருந்த குரல்களுள் ஒன்று அனஸ்லியுடையது. ஒருவரது தேவை மற்றவரிடம் இருந்தது. கூடலுக்கு இதைவிட வலுவான காரணத்தை நான் காணவில்லை. எச். டி. பிரேமரத்னவின் ‘சிக்குருலிய’ (1975) படத்துக்குக் கிளரன்ஸ் இசையமைத்ததும், பொப் மெட்டு திரைக்குள் புகுந்ததும் இக்கூடலின் ஆண்டுகளில்தான். தோட்டங்கள் அரசுடைமையாகித் துரைமார் மாறிக்கொண்டிருந்த ஆண்டுகளும் அவையே.

1970களின் இறுதியில் மறுபடி பிரிவு. கிளரன்ஸ் ‘மதாரா’ என்ற குழுவை அமைத்தார். அனஸ்லியின் குழு ‘சுப்பர் சைம்ஸ்’ ஆயிற்று. பெயரிலிருந்து ‘கோல்டன்’ கழன்றது, ‘சைம்ஸ்’ தங்கியது. கிளரன்ஸ் தொடங்கிவைத்த பெயரின் பாதி, நண்பரின் பலகையில் அப்படியே நின்றது. பங்கு பிரித்த பிறகும் பொதுக் கிணற்றில் தண்ணீர் மொள்ளும் வீடுகளை நம் தோட்டப்பகுதிகளில் எத்தனையோ பார்த்திருக்கிறோம்.

1996 டிசம்பர் 13ஆம் திகதி கிளரன்ஸ் காலமானார். அதற்குப் பிறகும் அனஸ்லி மேடையேறினார். சுப்பர் சைம்ஸ் என்ற பெயரின் கீழே, இரத்தினபுரி நாட்களில் தொடங்கிய அந்தப் பழைய பாட்டுகளைப் பாடினார்.