மூன்று கார்களும் ஒரு மண்ணெண்ணெய்த் தட்டும்



போன வாரம் என் அக்கா மகன் கைபேசியில் ஒரு படம் அனுப்பினான். அவன் அப்பா, அதாவது என் அத்தான், வாடகைக்கு ஓட்டிய பழைய அம்பாசடரின் இன்ஜினை வீட்டுத் தாழ்வாரத்திலேயே பிரித்து, தேய்ந்ததை மாற்றி, திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கிறான். படத்தில் இன்ஜின் இல்லை. முட்டை அட்டைகள்தான் இருந்தன. ஒவ்வொரு குழியிலும் ஒரு பாகம், பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண். "மாமா, அடுக்கினது சரியா?" என்று கேட்டிருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம். வகுப்பிலும் நான் இப்படித்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

1908ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் என்ற கார் பந்தய மைதானம். அமெரிக்காவில் செய்த காடிலாக் கார்கள் மூன்றை அங்கே கொண்டுவந்தார்கள். ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் மூன்றையும் கடைசித் திருகு வரை பிரித்தார்கள். காருக்கு 721 பாகங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்தார்கள். அதிலிருந்து 89 பாகங்களை எடுத்து ஒதுக்கிவிட்டு, கடை இருப்பிலிருந்த உதிரிபாகங்களைப் போட்டார்கள். பிறகு ஸ்பேனரும் திருப்புளியும் மட்டும் வைத்துக்கொண்டு மூன்று கார்களைத் திரும்பக் கட்டினார்கள். அரம் தொடக்கூடாது என்பது நிபந்தனை. கட்டிய கார்கள் 500 மைல் ஓடின. அதற்காகக் காடிலாக்குக்கு டிவார் கோப்பை கிடைத்தது.

இதில் என்ன அதிசயம் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் காலத்தில் கார் செய்தவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு பாகத்தையும் பிட்டரின் அரத்தால் இழைத்து இழைத்துத்தான் பொருத்தினார்கள். ஒரு காரின் பாகம் அடுத்த காரில் உட்காராது. துப்பாக்கித் தொழிற்சாலைகள் மட்டும் இதை முன்பே கொஞ்சம் தாண்டியிருந்தன. காடிலாக்கை நடத்திய ஹென்றி லேலண்ட் இளமையில் அப்படிப்பட்ட ஓர் ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பிறகு பிரவுன் அண்ட் ஷார்ப் என்ற அளவுக்கருவிக் கம்பெனியில் பல வருடங்கள் இருந்தார். அவர் அரத்தை ஒழித்தார் என்று எழுதுவார்கள். என் கணக்கில் அவர் ஒழிக்கவில்லை, இடம் மாற்றினார். கடைசியில் இழைத்துச் சரிசெய்த வேலையை, முதலிலேயே அளந்து சரிபார்க்கும் வேலையாக ஆக்கினார்.

அளப்பதற்கும் ஓர் ஆதாரம் வேண்டுமே? அதைக் கொடுத்தவர் ஸ்வீடன் நாட்டின் எஸ்கில்ஸ்டுனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன். 102 எஃகுக் கட்டைகள் கொண்ட ஒரு தொகுதியை 1896இல் யோசித்தார். இரண்டு மூன்று கட்டைகளை ஒட்டவைத்தால் வேண்டிய அளவு கிடைத்துவிடும். தேய்த்த முகங்கள் அவ்வளவு வழவழப்பு, பசையில்லாமலே ஒட்டிக்கொள்ளும். அவற்றை வீட்டில் மனைவியின் தையல் மிஷினை மாற்றியமைத்துத் தேய்த்தாராம். அந்த அம்மாள் என்ன சொன்னாரோ! அமெரிக்காவில் இந்தக் கட்டைகளை முதலில் வாங்கியவர்களில் காடிலாக்கும் உண்டு. 1923இல் யோஹான்சன் ஃபோர்டு கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தார்.

இனி அத்தானின் காருக்கு வருகிறேன். 1489 சிசி, நாலு சிலிண்டர். இங்கிலாந்தில் பிறந்த இன்ஜின் அது. லேலண்டின் பாடம் படித்தவர்கள் செய்ததுதான். ஆனால் அதிலும் சில பாகங்கள் ஜோடி பிரியாதவை. கனெக்டிங் ராடும் அதன் கீழ் மூடியும் (கேப் என்பார்கள்) ஒன்றாகப் பூட்டி வைத்துத் துளை போட்டவை. இரண்டாம் ராடின் மூடியை மூன்றாவதில் போட்டால் போல்ட் ஏறும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் துளை வட்டமாக இருக்காது. உள்ளே ஆயில் ஓட வேண்டிய இடைவெளியோ தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. இதற்கும் மேல், பழைய இன்ஜினில் லேத் பட்டறைக்காரர் கிராங்கைக் கடைந்திருப்பார், சிலிண்டரைப் பெரிதாக்கியிருப்பார். தொழிற்சாலை கொடுத்த உத்தரவாதம் அத்தோடு முடிந்தது. அங்கே சோதனையாளர் செய்த வேலை இப்போது தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவன் தலையில்.

1986இல் அத்தான் இதே இன்ஜினை மாட்டுக்கொட்டகையில் பிரித்தார். எனக்குக் கோடை விடுமுறை, கூடமாட உதவப் போனேன். பாகங்களைக் கழுவும் வேலை என்னுடையது. அவர் வரிசையாக வைத்திருந்த நான்கு மூடிகளையும் எடுத்து ஒரே மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுப் பளபளவென்று கழுவித் துடைத்து, அழகாக அடுக்கி வைத்தேன். நான்கும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பக்கவாட்டில் எண் குத்தியிருக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் கலைத்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது.

அவர் நான்கையும் முறுக்கிவிட்டுத்தான் கிராங்கைச் சுற்றிப் பார்த்தார். கனமாக இருந்தது. "புது பேரிங், ஓட ஓட இளகிடும்" என்றார். கல்யாண சீசன், சவாரிகள் காத்திருந்தன. நாலாம் நாள் மதுரை ரோட்டில் அடியில் டொக் டொக் என்று தட்ட ஆரம்பித்தது. பேரிங் உருகி, கிராங்க் கீறிப்போனது. அக்காவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது. திரும்பி வரவில்லை. இரண்டாம் முறை பிரித்தபோது அத்தான் எண்களைப் பார்த்துவிட்டு, "நான்தான் மாத்திப் போட்டுட்டேன் போல" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அவர் போய் ஐந்து வருடமாகிறது.

ஒவ்வொரு மூடியாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் கையால் சுற்றிப் பார்த்திருந்தால், எந்த மூடியில் இறுகியது என்று அந்த நிமிடமே தெரிந்திருக்கும். நான்கையும் முறுக்கியபின் சுற்றினால் 'ஏதோ தப்பு' என்று மட்டும்தான் தெரியும்.

மருமகனுக்கு எல்லாவற்றையும் போனில் சொன்னேன். அவன் என்னைவிடக் கெட்டி. பிளாஸ்டிகேஜ் என்று மெழுகு நூல் போல ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். ஆயிலைத் துடைத்துவிட்டுக் கிராங்கின் மேல் ஒரு துண்டை வைத்து, மூடியைச் சரியான அளவுக்கு முறுக்கித் திரும்பக் கழற்றினால் நூல் நசுங்கியிருக்கும். அதன் அகலத்தை உறையில் அச்சடித்த கோடுகளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். நூல் உள்ளே இருக்கும்போது கிராங்கைச் சுற்றக்கூடாது, சுற்றினால் அளவு கெட்டுவிடும். பிஸ்டன் ரிங்கையும் சும்மா மாட்டவில்லை. தனியாகச் சிலிண்டருக்குள் நேராக இறக்கி, இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்கிறான். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் முனைகள் முட்டிச் சிலிண்டரைக் கீறிவிடும். டைமிங் செயின் மாட்டியதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, புள்ளிகள் மறுபடி எதிரெதிரே வருகின்றனவா என்று பார்ப்பானாம்.

பேசி முடித்தபிறகுதான் போன் ஸ்பீக்கரில் இருந்தது தெரிந்தது. அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அந்தச் சங்கிலி இன்னைக்கு என்ன விலை போகும்னு தெரியுமாடா?" என்றாள். நான் வாத்தியார், கணக்குப் போட்டுச் சொன்னேன். அதற்கும் திட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹெட் மாட்டுகிறார்கள். லைட் பிடிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறான். முட்டை அட்டையைத் தொடக்கூடாதாம்.