தமிழ்நாடு அரசுச் சின்னம்

தமிழ்நாடு அரசின் அதிகாரபூர்வ முத்திரை. வட்டத்தின் நடுவே சாரநாத் அசோகத் தூணின் சிங்கத் தலைப்பகுதி, அதன் இருபுறமும் தேசியக் கொடிகள், பின்னணியில் ஒரு கோபுரம். விளிம்பில் மேலே 'தமிழ்நாடு அரசு', கீழே 'வாய்மையே வெல்லும்'. நாணயத்தையும் அரச முத்திரையையும் நினைவூட்டும் வட்டமே இதன் வடிவம்.

நாடு விடுதலை பெற்றதை அடுத்து, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது ஓவியர் ஆர். கிருஷ்ணா ராவ் இதை வரைந்தார். 1949இல் இது நடைமுறைக்கு வந்தது.

கோபுரம் எந்த ஊருடையது என்பதில்தான் வழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் என்பது மக்களிடம் ஊன்றிப்போன நம்பிக்கை. போட்டித்தேர்வு நூல்களும் அப்படியே எழுதுகின்றன. வரைந்தவரோ மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரத்தையே மாதிரியாகக் கொண்டதாகக் கூறியுள்ளார். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் பதினொரு நிலை, மதுரையின் மேலைக் கோபுரம் ஒன்பது நிலை. வரைந்தவர் சொல்லுக்கே கூடுதல் எடை தரவேண்டும். சமயச்சார்பற்ற அரசுக்குக் கோயில் கோபுரம் எதற்கு என்று கேட்போரும் உண்டு. திராவிடக் கட்டடக்கலையின் அடையாளம் என்பதே அதற்கு வழக்கமான விடை.

'வாய்மையே வெல்லும்' என்பது முண்டக உபநிடதத்திலிருந்து எடுக்கப்பட்ட தேசியக் குறிக்கோள் தொடரின் தமிழ் வடிவம். 1969இல் சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனபோதும் கோபுரம் மாறவில்லை.