கோலியது கோலம்

தைப்பொங்கல் மலர்களில் ஆண்டு தவறாமல் வரும் ஒரு கூற்று உண்டு: 'கோலம்' என்பது 'கோள்' என்ற சொல்லடியாகப் பிறந்தது, நவக்கோள்களை வாசலுக்கு அழைப்பது. கோளில் இருப்பது ளகரம். கோலத்தில் இருப்பது லகரம். கோளிலிருந்து பிறந்திருந்தால் அது கோளம் ஆகியிருக்கும். கோளம் என்றால் உருண்டை, அது வடசொல். இந்தக் கூற்றுக்கு இதற்கு மேல் மறுப்பு வேண்டியதில்லை.

ரங்கோலியிலிருந்து கோலம் வந்தது என்போர் ரங்கோலியைப் பிரிக்கத் தெரியாதவர்கள். அது ரங்க ஆவலி, வண்ண வரிசை. அதில் 'கோலி' என்று ஓர் உறுப்பே இல்லை.

வேர் 'கோல்' என்பாரை அப்படித் தள்ளிவிட முடியாது. கோலால், அதாவது குச்சியால் வரைவது கோலம் என்பது அவர்கள் வாதம். திருக்குறள் 1285ஐச் சான்று காட்டுவார்கள். அங்கே கோல் கண்ணுக்கு மை தீட்டும் கருவி, செயலுக்குரிய சொல் எழுதுதல். கருவியின் பெயர் வரைவுக்கு ஏறியிருந்தால், மை தீட்டிய கண்ணையல்லவா முதலில் கோலம் என்றிருக்க வேண்டும்? வாசற்கோலத்துக்குக் குச்சியும் வேண்டாம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே மா கசிந்தால் போதும். அந்தக் குறள் காட்டுவது வேறொன்றை: எழுதுதல் பழந்தமிழில் வரைதலே. கேரளத்தார் பொடி தூவித் தெய்வ உருவம் தீட்டுவதை இன்றும் களமெழுத்து என்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் படம் 'கீறுவார்கள்', அதுவும் நல்ல பழஞ்சொல்தான். ஆனால் வாசற்கோலத்தை எழுதுவதாகவோ கீறுவதாகவோ நான் கேட்டதில்லை. இடுவார்கள், போடுவார்கள், இழைப்பார்கள்.

என் வேர் 'கோலு'. கோலுதல் என்றால் வளைத்தல், சூழ அமைத்தல். பாத்தி கோலுகிறோம், வேலி கோலுகிறோம், ஒரு காரியத்துக்கு அடிகோலுகிறோம். அகல் அகலமாகிறது, நீள் நீளமாகிறது, ஆழ் ஆழமாகிறது. கோலு கோலமாவதில் என்ன தடை?

ஐயமிருந்தால் இலங்கை மலையகத்துக் கொஸ்லந்தத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களின் வாசல்களில் போய்ப் பார்க்கலாம். விடியுமுன்னே பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடும் பெண்ணுக்கு நாள்தோறும் கோலம் போட நேரம் ஏது? வெள்ளிக்கிழமையும் மார்கழியும் பொங்கலும்தான் கோலத்துக்குரியவை. அன்று அது வீடே கூடிச் செய்யும் வேலை. தாய் இடைப்புள்ளி 7 வைத்து 4இல் நிறுத்துவாள். நடுவரிசை ஏழு, இருபுறமும் ஆறு, ஐந்து, நான்கு என்று குறைந்து மொத்தம் 37 புள்ளி. மகள் இழையைத் தொடங்குவாள். தம்பி விரலை அந்தரத்தில் ஓட்டி, கோடு எங்கே போய்த் தொடக்கத்தைத் தொடும் என்று முன்கூட்டியே சொல்லப் பார்ப்பான். பாடசாலைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒத்திகை நடந்திருக்கும். சிக்குக் கோலத்தின் சட்டம் கண்டிப்பானது: எந்தப் புள்ளியையும் கோடு தொடக்கூடாது, எந்தப் புள்ளியும் சுற்றப்படாமல் நிற்கக்கூடாது, முனை எதுவும் திறந்து கிடக்கக்கூடாது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணியும் உடனுழைத்தோரும் 1970களில் இந்தச் சட்டங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுதிக் காட்டினார்கள். புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைத்து வருவதற்குத் தமிழில் ஒரே பெயர்தான்: கோலுதல்.

அந்த வாசலைச் சுற்றியுள்ள சொற்களும் வரலாறு உடையவை. முன்திண்ணையான இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுப்போனது, அறையான காம்பரா போர்த்துக்கேயர் தந்தது. பிரட்டு ஆங்கிலப் பரேட். லயம் என்றதும் இசையைத் தேடிப் போக வேண்டாம். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் லயன் ஆகி, லயம் ஆயிற்று. அதற்கும் பொருள் கோடுதான். ஆட்களை வரிசையாக அடைத்து வைக்கத் துரைமார் இழுத்த கோடு. அந்தக் கோடும் ஒருநாள் அழிந்தது. 2014 அக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. தப்பியவர்களைத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்க வைத்தார்கள். அங்கே ஒரு குடும்பத்துக்கென்று ஒரு வாசல் இல்லை. வாசல் இல்லாத இடத்தில் கோலத்தை எங்கே போடுவது? பின்னர் பூனாகலைப் பக்கம் தனி வீடுகள் எழுந்தன. லயம் என்ற சொல் அந்த வீடுகளுக்குப் போகாமலிருந்தால் நல்லது. கோலம் போகும்.

என் வேருக்குப் பழஞ்சான்று வேண்டுமானால் ஆண்டாளே போதும். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில், வெண்மணல் கொண்டு சிறுமியர் வீதியில் செய்வதைச் சொல்லும்போது கோலம் என்ற பெயரும் இழைத்தல் என்ற வினையும் சேர்ந்தே வருகின்றன. நான்காம் பதிகம் முழுதும் கூடலிழைத்தல்: கண்ணை மூடி மணலில் வட்டம் இழைத்து, முனைகள் கூடினால் தலைவன் வருவான் என்று குறி பார்ப்பது. கூடலும் கோலமும் ஒரே கைப்பழக்கம். இரண்டிலும் வட்டம் மூடினால்தான் வேலை முடிந்தது.

எதிர்வாதம் தெரியும். அதே ஆண்டாள் திருப்பாவையில் விளக்குக்கு அடையாகக் கோலம் என்கிறாள். அங்கே அது அழகு. சிலப்பதிகார வேட்டுவ வரியில் குமரி பூணும் கொற்றவைக் கோலம் வேடம். துளுநாட்டுப் பூதகோலா, கேரளப் படையணிக் கோலம், அம்பலாங்கொடைச் சிங்களவரின் முகமூடி ஆட்டமான கோலம், எல்லாமே வேடம்தான். சேறு பூசி வரும் பிள்ளையைத் தாய் "இதென்ன கோலம்?" என்று கேட்பதும் அப்பொருளில்தான். ஆகவே வேடமே முதற்பொருள், தரைக்கோலம் பின்னாளில் ஒட்டிக்கொண்டது என்கிறார்கள்.

அவர்கள் 'வரி' என்ற சொல்லை மறந்துவிட்டார்கள். வரி என்றால் கோடு. சிலப்பதிகார வேனிற்காதையில் மாதவி ஆடிய எட்டு வரிகள் என்ன? கண்கூடுவரி, காண்வரி தொடங்கி எடுத்துக்கோள்வரி ஈறாக எல்லாம் வேடம் புனைந்து நடித்தல். பிறந்த நிலமும் தொழிலும் தோன்ற நடிப்பதே வரி என்று அடியார்க்குநல்லார் உரை சொல்லும். வரி கோடாயிருந்து வேடமாயிற்று. தொய்யிலும் தோளில் எழுதிய கோடாயிருந்தே அணியாயிற்று. தமிழர் உடம்பை அலங்கரித்தது முதலில் கோட்டால், பிறகுதான் துணியாலும் பொன்னாலும். கோலமும் அவ்வழியே வந்தது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. சுற்றி வளைத்த கோடு முன்னது, வேடம் அதன் பின்னது. அகராதிகள் இந்த வரிசையைத் தலைகீழாக அடுக்கியிருந்தால், அடுத்த பதிப்பில் அவை மாற வேண்டும்.